ஏழாண்டு நின்ற கடை: மேகி லீனா வாக்கரின் வணிகமும் அரசியலும்

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்டில் வாழ்ந்த மேகி லீனா வாக்கரைப் (1864–1934) பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர் நிறுவிய வங்கியில் தொடங்கி வங்கியிலேயே முடித்துவிடுகிறார்கள். அந்நாட்டில் ஒரு வங்கிக்கு உரிமம் பெற்று அதன் தலைவராகவும் அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். வங்கி திறந்து இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள் அவரும் அவருடைய தோழியரும் அதே நகரில் ஒரு பல்பொருள் அங்காடியையும் திறந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. செயிண்ட் லூக் எம்போரியம் என்பது அதன் பெயர். வங்கி நிலைத்தது, அங்காடி ஏறத்தாழ ஏழாண்டுகளில் மூடப்பட்டது. வெற்றிக் கதைகளின் பட்டியலில் அந்த அங்காடிக்கு இடமில்லாமல் போனது இயல்பே. ஆயினும் வணிகத்தை விடுதலையின் கருவியாக்க முயல்வோர் எந்த இடத்தில் தடுக்கப்படுகிறார்கள் என்பதை அறிய, வங்கியின் வரலாற்றைவிட அந்த அங்காடியின் வரலாறே கூடுதலாக உதவுகிறது.

மேகி பிறந்தபோது அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்திருக்கவில்லை. அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைநகராக ரிச்மண்ட் இருந்த காலம் அது. தாய் எலிசபெத் டிரேப்பர் முன்பு அடிமையாக இருந்தவர். எலிசபெத் வான் லியூ என்ற வெள்ளையினச் செல்வந்தப் பெண்மணியின் மாளிகைச் சமையலறையில் வேலை பார்த்தவர். அந்த வான் லியூ, கூட்டமைப்பின் தலைநகரிலேயே இருந்துகொண்டு வடக்குப் படைகளுக்கு உளவு சொன்னவர் என்பது வரலாறு. மேகியின் மாற்றாந்தந்தை வில்லியம் மிட்செல் 1876இல் ஆற்றில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டார். தற்கொலை என்று அதிகாரிகள் முடிவு கட்டினர். கொலை என்றே குடும்பம் நம்பியது. அதன்பின் தாய் வெள்ளையர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தினார். அழுக்குத் துணிகளை வாங்கி வருவதும், வெளுத்தவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் மகளின் வேலையாயின. சலவைக் கூடையைத் தலையில் சுமந்தபடியே பிறந்தவள் தாம் என்று பின்னாளில் மேகி தம்மைப் பற்றிக் குறிப்பிட்டதுண்டு. அக்கூடையை வெறும் வறுமையின் நினைவாகக் கொள்வது போதாது. அன்றைய ரிச்மண்டில் கறுப்பினப் பெண்ணுக்குத் திறந்திருந்த வேலைகள் மிகச் சிலவே: வெள்ளையர் வீட்டுச் சமையல், சலவை, குழந்தை வளர்ப்பு, அவை கிடைக்காவிட்டால் புகையிலை ஆலையில் இலையின் நரம்பு கிழிக்கும் வேலை. படித்த சிலருக்குப் பள்ளி ஆசிரியப் பணி. அங்காடியின் நோக்கத்தை விளங்கிக்கொள்ள இந்தப் பட்டியலை மனத்தில் இருத்த வேண்டும்.

1883இல் மேகி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் தேறினார். வெள்ளை மாணவர்களின் பட்டமளிப்பு விழா நகர அரங்கில் நடக்க, கறுப்பின மாணவர்களுக்கு மட்டும் அவர்களுடைய தேவாலயத்தில் விழா நடத்தும் வழக்கத்தை அவருடைய வகுப்பினர் எதிர்த்தனர்; இறுதியில் அவர்களுக்கான விழா பள்ளியிலேயே நடந்தது. பின்னர் மூன்று ஆண்டுகள் அவர் ஆசிரியராகப் பணியாற்றினார். 1886இல் கட்டட ஒப்பந்தத் தொழிலில் இருந்த ஆர்ம்ஸ்டெட் வாக்கரை மணந்தபோது, மணமான பெண்கள் பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்ற விதி அவரை வேலையிலிருந்து வெளியேற்றியது.

அவரை அரவணைத்தது செயிண்ட் லூக் சங்கம். 1867இல் பால்டிமோர் நகரில் மேரி பிரவுட் என்ற கறுப்பினப் பெண் தொடங்கிய பரஸ்பர உதவி அமைப்பு அது. உறுப்பினர்கள் சிறு தொகையைச் சந்தாவாகச் செலுத்துவார்கள். நோயுற்றால் உதவித்தொகையும் இறந்தால் அடக்கச் செலவும் கிடைக்கும். வெள்ளையரின் காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பின மக்களை ஏற்க மறுத்த அல்லது கூடுதல் கட்டணம் கேட்ட சூழலில் இத்தகைய சங்கங்களே அவர்களுடைய சமூகப் பாதுகாப்பாக இருந்தன. பதின்வயதில் இச்சங்கத்தில் சேர்ந்த மேகி, 1899இல் அதன் தலைமைச் செயலாளர் ஆனார். அப்போது சங்கத்தின் கையிருப்பு 31 டாலர் 61 சென்ட். கடனோ அதைப்போலப் பல மடங்கு. முந்தைய செயலாளர் பெற்ற ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே வாங்கிக்கொண்டு அவர் பொறுப்பேற்றார். கால் நூற்றாண்டுக்குள் சங்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 50,000ஐத் தாண்டியது.

1901 ஆகஸ்டில் நடந்த சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் வாக்கர் தமது திட்டத்தை முன்வைத்தார். சங்கத்துக்கென ஒரு செய்தித்தாள், ஒரு சேமிப்பு வங்கி, பெண்களுக்கு வேலை தரும் தொழில்கள் ஆகியவை வேண்டும் என்றார். சிதறிக் கிடக்கும் சில்லறைக் காசுகளை ஒன்றுசேர்த்து, தமக்குள்ளேயே கடனாக உலவவிட்டு, அதன் பலனையும் தாமே அடைய வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். மறு ஆண்டே செயிண்ட் லூக் ஹெரால்டு என்ற வார இதழ் வெளிவந்தது. கும்பல் படுகொலைகளையும் இனஒதுக்கலையும் அது கடுமையாகச் சாடியது. 1903 நவம்பர் 2 அன்று செயிண்ட் லூக் பென்னி சேமிப்பு வங்கி கதவு திறந்தது. முதல் நாளில் வைப்பும் பங்குத் தொகையுமாகச் சேர்ந்தது 9,000 டாலருக்கும் மேல். ஒரு டாலரின் நூறில் ஒரு பங்கான பென்னியை வங்கியின் பெயரிலேயே வைத்தது தற்செயலன்று. சலவைத் தொழிலாளியின் காசுக்கும் அங்கே மதிப்புண்டு என்று அப்பெயர்ப் பலகை அறிவித்தது.

இவையனைத்தும் நடந்த காலம் கறுப்பின மக்களின் உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்ட காலம். 1902இல் நடைமுறைக்கு வந்த வர்ஜீனியாவின் புதிய அரசமைப்புச் சட்டம், வாக்குவரி முதலிய தடைகளின் மூலம் கறுப்பின ஆண்களில் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. பெண்களுக்கோ எந்த இனத்தவராயினும் அப்போது வாக்குரிமையே இல்லை. 1904இல் டிராம் நிறுவனங்கள் பயணிகளை இனவாரியாகப் பிரித்து அமர்த்தலாம் என்று மாநிலச் சட்டம் அனுமதித்தது. ரிச்மண்டின் டிராம் நிறுவனம் அவ்வனுமதியை உடனே பயன்படுத்திக்கொண்டது. ரிச்மண்ட் பிளானட் இதழின் ஆசிரியர் ஜான் மிட்செல் முன்னின்று புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தார்; வாக்கரும் ஹெரால்டு இதழும் துணை நின்றனர். மக்கள் வேலைக்கு நடந்தே சென்றார்கள். முந்தைய ஆண்டின் தொழிலாளர் வேலைநிறுத்தத்தாலும் கடன் சுமையாலும் ஏற்கனவே தளர்ந்திருந்த நிறுவனம் அவ்வாண்டே திவால் நிலைக்குப் போய், நீதிமன்றம் அமர்த்திய பொறுப்பாளரின் கைக்கு மாறியது.

புறக்கணிப்பைக் குறிக்கும் 'பாய்காட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அப்போது வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை. 1880இல் அயர்லாந்தின் குத்தகை விவசாயிகள் சார்லஸ் பாய்காட் என்ற நிலப் பொறுப்பாளரை ஊர்விலக்கம் செய்ததிலிருந்து பிறந்த சொல் அது. எளியோர் வலியோர்மீது பயன்படுத்திய ஆயுதமாகவே அச்சொல் உலகெங்கும் பரவியது. ஆனால் ஆயுதம் எந்தக் கைக்கும் பொருந்தும். அதைச் செயிண்ட் லூக் பெண்கள் அடுத்த ஆண்டே உணர நேர்ந்தது.

1905இல் சங்கத்தைச் சேர்ந்த இருபத்திரண்டு பெண்கள் ஒன்றுசேர்ந்து எம்போரியத்தை உருவாக்கினார்கள். நல்ல சரக்கைக் கட்டுப்படியாகும் விலையில் தம் மக்களுக்கு விற்பது ஒரு நோக்கம். சமையலறைக்கும் சலவைத் தொட்டிக்கும் புகையிலை ஆலைக்கும் வெளியே கறுப்பினப் பெண்களுக்கு வேலை உண்டாக்குவது மற்றொன்று. வெள்ளையினப் பெண்கள் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலைக்குச் சேரத் தொடங்கியிருந்த காலம் அது. அதே பெருங்கடைகள் கறுப்பினப் பெண்களின் காசை வாங்கிக்கொண்டன. அவர்களை விற்பனை மேசைக்குப் பின்னால் நிற்கவிடவில்லை. எம்போரியம் பதினைந்து பெண்களை விற்பனையாளர்களாக அமர்த்தியது. கணக்கு, சரக்கிருப்பு, கொள்முதல் எனக் கடை நடத்தும் கல்வியை அங்கேயே அவர்கள் கற்றார்கள்.

இடத்தேர்வும் துணிச்சலானது. கறுப்பின மக்களின் குடியிருப்பும் வணிகமும் ஜாக்சன் வார்டு என்ற பகுதியில் செறிந்திருந்தன. அதன் தென்புறத்தில் ஓடும் பிராட் தெரு நகரின் முதன்மையான கடைவீதி. கறுப்பினப் பகுதிக்குள் ஒடுங்கிய சிறு கடையாக இருந்திருந்தால் எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். எம்போரியமோ பிராட் தெருவிலேயே, வெள்ளை வணிகர்களின் வரிசையில் போய் நின்றது.

எதிர்ப்பு கடை திறப்பதற்கு முன்பே தொடங்கியது. கட்டடத்தைப் பெண்கள் வாங்கிவிட்ட செய்தி தெரிந்ததும், வாங்கிய விலைக்கு மேல் ஆயிரக்கணக்கான டாலர் தருகிறோம், திட்டத்தைக் கைவிடுங்கள் என்று வெள்ளை வணிகர்கள் பேரம் பேசினர். பெண்கள் மசியவில்லை. பின்னர் அவ்வணிகர்கள் சில்லறை வியாபாரிகள் சங்கமாகத் திரண்டனர். எம்போரியத்துக்குச் சரக்குக் கொடுத்தால் எங்கள் வியாபாரத்தை இழப்பீர்கள் என்று நகரின் மொத்த வியாபாரிகளுக்கு அறிவிப்புகள் போயின. நியூயார்க்கிலுள்ள மொத்த விற்பனை நிறுவனங்களுக்கும் அதே எச்சரிக்கை கடிதங்களாகச் சென்றது. எம்போரியம் விலையைக் குறைத்து விற்கிறது என்பது அவர்கள் வைத்த குற்றச்சாட்டு.

இரண்டு புறக்கணிப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். டிராமைப் புறக்கணித்தவர்கள் ஆயிரக்கணக்கான பயணிகள். ஒவ்வொருவரும் நாள்தோறும் காலைக் கடுக்கவைத்துக்கொண்டு அதன் விலையைக் கொடுத்தார்கள். எம்போரியத்தைப் புறக்கணிக்கச் சில வணிகர்களின் கடிதத்தாளே போதுமானதாக இருந்தது. முன்னது நுகர்வோரின் கையிலிருந்த அதிகாரம். பின்னது சரக்கு வரும் வழியைக் கையில் வைத்திருந்தவர்களின் அதிகாரம். டிராம் வழக்கிலும் இறுதிச் சொல் நுகர்வோருடையதாக இருக்கவில்லை. நிறுவனம் நொடித்த பிறகும், 1906இல் வர்ஜீனியா சட்டமன்றம் இனவாரி இருக்கையைக் கட்டாயமாக்கியது. அதுவரை நிறுவனத்தின் விருப்பமாக இருந்தது அதன்பின் அரசின் ஆணையாயிற்று. வாக்குரிமை இல்லாதவர்கள் பணப்பையால் பெற்ற வெற்றியை, வாக்குரிமை உள்ளவர்கள் சட்டத்தால் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதே 1906 மார்ச்சில் வாக்கர் ஆண்களுக்கு மட்டுமென அறிவித்து ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினார். பனி பெய்த நாளொன்றில் குழிக்குள் இறங்கிச் சிங்கத்தைக் கொன்ற பெனாயா என்னும் விவிலிய வீரனின் கதையை அதற்கு எடுத்துக்கொண்டார். வாக்கரின் உரையில் இனவெறியே சிங்கம். அச்சிங்கத்தை எதிர்த்து முழங்கும் மக்களே தங்கள் கூலியை அதன் கடைகளில் கொண்டுபோய்க் கொட்டி அதற்கு இரை போடுகிறார்கள். இரை போடுவதை நிறுத்தாதவரை அது சாகாது என்பது அவர் வாதம். தேவாலய மேடைகளில் பழகிய உருவகமொன்றைக் கடைவீதியின் கணக்குக்கு மாற்றியது அவ்வுரை. ஆண்களை மட்டும் அழைத்ததற்கும் காரணம் இருந்தது. கறுப்பினப் பெண்களின் மானத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும் ஆண்கள், அப்பெண்கள் கண்ணியமாகப் பிழைப்பதற்கான வேலையை உருவாக்க என்ன செய்தார்கள் என்று அவர் கேட்டார். பெண்களின் உழைப்புரிமையைத் தனிக் கோரிக்கையாக ஒதுக்காமல், இனத்தின் விடுதலைக் கோரிக்கைக்குள்ளேயே அவர் பதித்தார்.

இருந்தும் கடைக்குக் கூட்டம் வேண்டிய அளவு சேரவில்லை. கறுப்பின மக்களில் பலர் வெள்ளையர் கடைகளுக்கே தொடர்ந்து சென்றனர் என்பது வாக்கரின் மனக்குறை. அதை நன்றியின்மை என்று முத்திரை குத்துவது எளிது. ஆனால் நடந்து போகும் முடிவு ஒரே நாளில் ஊரே சேர்ந்து எடுக்கக்கூடியது; அதை மீறுபவர் எல்லோர் கண்ணிலும் படுவார். எந்தக் கடையில் துணி வாங்குவது என்பதோ ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு முறையும் தனித்து எடுக்கும் முடிவு. அதில் விலை, தெரிவு, பழக்கம் எல்லாம் குறுக்கிடும். மொத்த வியாபாரிகள் சரக்கை மறுத்த கடையால் இவற்றில் போட்டியிடுவது எளிதன்று. வாடிக்கையாளரின் தயக்கமும் வழங்குநரின் மறுப்பும் ஒன்றையொன்று வளர்த்திருக்க வேண்டும். ஏறத்தாழ ஏழாண்டுகள் தாக்குப்பிடித்த பின் எம்போரியம் மூடப்பட்டது.

ஒரே தலைமை, ஒரே உறுப்பினர்கள், ஒரே நகரம். இருந்தும் வங்கியும் இதழும் நிலைத்தன, கடை நிலைக்கவில்லை. காரணத்தைத் தனிமனிதத் திறமையில் தேடுவதற்கில்லை. வங்கியின் மூலப்பொருள் உறுப்பினர்களின் சேமிப்பு; அது அவர்களிடமே இருந்தது. இதழின் மூலப்பொருள் அவர்களுடைய சொல்லும் அச்சகமும். கடையின் மூலப்பொருளான சரக்கோ பிறர் ஆலைகளில் உற்பத்தியாகி, பிறர் கிடங்குகளின் வழியாக வர வேண்டியிருந்தது. விற்பனை மேசை தம்முடையதாக இருந்தும், அதன்மேல் வைக்க வேண்டிய பொருளின் வழி அடைக்கப்பட்டது. வங்கியும் இடர்ப்படாமல் இல்லை. ரிச்மண்டின் புகழ்பெற்ற மற்றொரு கறுப்பினச் சங்கமான ட்ரூ ரிஃபார்மர்ஸ் நடத்திய வங்கி 1910இல் நொடித்தது. மாநிலத்தின் கட்டுப்பாடுகளும் இறுகின. செயிண்ட் லூக் வங்கி சங்கத்திலிருந்து சட்டப்படி பிரிந்து தனி நிறுவனமாயிற்று. பெரும் பொருளாதார வீழ்ச்சியின் தொடக்கத்தில், 1930இல், பிற கறுப்பின வங்கியோடு இணைந்து அது புயலைக் கடந்தது. இணைந்த வங்கியின் நிர்வாகக் குழுவுக்கு வாக்கரே தலைவர்.

கடை மூடியதோடு அவருடைய பொதுவாழ்வு சுருங்கிவிடவில்லை. 1917இல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் ரிச்மண்ட் கிளையை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்ததும், வாக்குவரியையும் அலுவலர்களின் அலைக்கழிப்பையும் மீறிக் கறுப்பினப் பெண்களை வாக்காளர்களாகப் பதிவு செய்யவைக்கும் இயக்கத்தில் முன்னின்றார். மறு ஆண்டு, குடியரசுக் கட்சி கறுப்பினத்தவரை ஓரங்கட்டியதை எதிர்த்துத் தனியாக நிறுத்தப்பட்ட கறுப்பின வேட்பாளர் அணியில், மாநிலப் பொதுக்கல்விக் கண்காணிப்பாளர் பதவிக்குப் போட்டியிட்டார். ஆளுநர் பதவிக்கு நின்றவர் டிராம் புறக்கணிப்பின் தோழர் ஜான் மிட்செல். தோல்வி உறுதி என்று தெரிந்தே நின்ற தேர்தல் அது. வாழ்வின் இறுதியாண்டுகளில் நடக்க இயலாமல் சக்கர நாற்காலியில் இருந்தபடியே சங்கத்தையும் வங்கியையும் கவனித்தார். 1934 டிசம்பர் 15 அன்று காலமானார்.

அவரை நீண்டகாலம் 'வணிகத்தில் சாதித்த பெண்' என்ற சிமிழுக்குள் அடைத்தே வரலாறு பேசியது. வரலாற்றாசிரியர் எல்சா பார்க்லி பிரவுன் 1989இல் வெளியிட்ட கட்டுரை அப்பார்வையை மாற்றியது. இனப் போராட்டம் ஒருபுறம், பெண்ணியம் மறுபுறம் என்று பிரித்து எழுதும் வழக்கம் வாக்கரையும் அவருடைய தோழியரையும் காணத் தவறுகிறது என்று அவர் காட்டினார். டிராமும் வங்கியும் கடையும் அவர்களுக்கு ஒரே செயற்பாட்டின் பகுதிகளாகவே இருந்தன.

சமூகப் பொறுப்புள்ள வணிகம் பற்றிய இன்றைய பேச்சில், நுகர்வோர் மனம் வைத்தால் சந்தை திருந்திவிடும் என்ற நம்பிக்கை அடிக்கடி ஒலிக்கிறது. 'யாரிடம் வாங்குகிறோம்' என்ற கேள்வியை வாக்கரைப்போல அழுத்தமாகக் கேட்டவர்கள் குறைவு. ஆனால் அவருடைய கடையின் வரலாறு அதனோடு வேறு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறது: கடைக்கு யார் விற்கிறார்கள்? சட்டத்தை யார் இயற்றுகிறார்கள்? கொள்முதல் வழியும் வாக்குரிமையும் கைக்கு வராத நிலையில், நுகர்வோரின் ஒற்றுமை எத்துணை உறுதியானதாயினும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. கடை திறந்தவரே பின்னாளில் வாக்காளர் பதிவுக்கும் தேர்தலுக்கும் வந்து நின்றதை இந்தப் பின்னணியில் வாசிக்கலாம்.

ஜாக்சன் வார்டில் அவர் வாழ்ந்த வீடு இன்று தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பேணப்படுகிறது. 2017இல் ரிச்மண்ட் நகரம் அவருக்குச் சிலை எழுப்பியது. சிலை நிற்பது, எம்போரியம் திறக்கக் கூடாது என்று வணிகர்கள் பணத்தை நீட்டிய அதே பிராட் தெருவில்.